ரிஜெக்ட் அண்ணனின் கறுப்புக் காய்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து அழகாக இருக்காது. எழுத்துப்பிழையும் நிறைய இருக்கும். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு நான் அதிகமாக எழுதியது அட்டைப்பெட்டிகளின் மேல்தான். தடித்த மார்க்கர் பேனாவால் பெட்டி நம்பர், எண்ணிக்கை, அவ்வளவுதான். அதனால் என் எழுத்துகள் எல்லாம் லாரியில் ஏறப்போகிற மாதிரி பெரிதாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். இதை அச்சுக்குத் தட்டச்சு செய்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த உலகத்தில் ரிஜெக்ட் அண்ணன் குறை சொல்லாத பொருள் என்று ஒன்று இருந்தால், அது அவர் இன்னும் கையில் எடுத்துப் பார்க்காத பொருள்.

பொம்மசந்திராவில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே போனால், வண்டிகளுக்கு உருக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி. பேர் வேண்டாம். அங்கே அவர் ஃபைனல் இன்ஸ்பெக்டர். நான் கான்ட்ராக்டில் பேக்கிங். செய்து வருகிற ஒவ்வொரு பொருளையும் அவர் பார்ப்பார். நன்றாக இருந்தால் பச்சைத் தொட்டி. கொஞ்சம் சரிசெய்தால் தேறும் என்றால் மஞ்சள் தொட்டி, அதற்கு ரீவொர்க் என்று பேர். தேறவே தேறாது என்றால் சிவப்பு. ஒவ்வொரு தொட்டிக்கும் அதே நிறத்தில் ஒரு சீட்டு: பொருள், எண்ணிக்கை, காரணம், தேதி, கையெழுத்து. சிவப்புத் தொட்டி நிரம்புகிற வேகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்தப் பேர் வைத்தார்கள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேரும் ஒன்று இருந்திருக்கும். யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். டிபார்ட்மென்ட்தான் பேர். லேத்தில் நிற்கிறவன் 'லேத்து'. பெயின்ட் அடிக்கிறவன் 'பெயின்ட்டு'. நான் 'பேக்கிங்கு'. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனுக்குக் கூப்பிட்டு, எடுத்த என் மனைவியிடம், "பேக்கிங்கு இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார். "நாங்க வீடு மாத்தலைங்க" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளக் கேஜ் இருக்கும். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு இரும்புக் குச்சி. ஒரு முனை ஓட்டைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அப்படி இருந்தால் ஓட்டை சரியான அளவு. அந்தக் கேஜை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. மேனேஜர் கேட்டபோதுகூட, "என்ன பாக்கணும்னு சொல்லுங்க சார், நான் பாத்துச் சொல்றேன்" என்றார்.

அந்தக் கேஜை வைத்து அவர் ஒரு நாள் கேன்டீன் மெதுவடையை அளந்தார்.

"என்னண்ணே, வடையில என்னத்த தேடற?" என்றார் கேன்டீன் மாஸ்டர்.

"ஓட்டை நடுவுல இல்ல மாஸ்டர். இந்தப் பக்கம் தடிமன், அந்தப் பக்கம் ஒல்லி. இத வண்டில மாட்டுனா சக்கரம் ஆடும்."

"வண்டில ஏன் குரு மாட்டற? வாயில போடு!"

போட்டார். தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, "ரிஜெக்ட்" என்றார்.

குறை சொல்வதில் அவருக்குத் தன் ஆள், வெளி ஆள் என்ற வித்தியாசம் கிடையாது. சொந்த அக்கா மகனுக்குப் பெண் பார்க்க ஆனேக்கல் பக்கம் போயிருந்தார்கள். பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. பெண்ணின் அப்பா மரியாதைக்கு, "மாமா நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"பொண்ணு ஓகே" என்றார் ரிஜெக்ட் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்கு ரீவொர்க் வேணும். சாயங்காலமானா தண்ணி போடறான்."

அதற்குப் பிறகு அக்கா ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. இரண்டாவது வருடம் அந்தப் பையன் குடியை விட்டான். அதே பெண்ணைக் கட்டினான். கல்யாணத்தில் ரிஜெக்ட் அண்ணனுக்கு முதல் பந்தி. பாயசத்தில் முந்திரி இரண்டாக உடைந்திருக்கிறது என்று அங்கேயும் சொன்னார்.

அவரால் உட்கார முடியாது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பார். டீ நேரத்திலும் நிற்பார். பஸ்ஸில் பாதி சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கட்டைவிரலால் அந்தக் கம்பியில் பிசிறு இருக்கிறதா என்று தடவிக்கொண்டே. கேட்டால், "நிக்கறவன் கண்ணுக்குத்தான் தப்பு தெரியும். நாம உக்காந்தா தப்பும் நம்ம பக்கத்துல உக்காந்துக்கும்" என்பார்.

செஸ் ஆடுவதும் நின்றுகொண்டுதான்.

அந்த செஸ் காய்களுக்கே ஒரு கதை உண்டு. டூல்ரூமில் இருந்தவர்கள் வீணாய்ப்போன இரும்புக் கம்பித் துண்டுகளை லேத்தில் கடைந்து காய் செய்தார்கள். ஒரு செட்டுக்கு வெள்ளைப் பூச்சு. இன்னொரு செட்டை மருந்துத் தண்ணீரில் முக்கிக் கறுப்பாக்கினார்கள். ஒவ்வொன்றும் ஒரு கை எடை. காலில் விழுந்தால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிதான். ஆசையோடு கொண்டுவந்து ரிஜெக்ட் அண்ணனிடம் காட்டினார்கள். யார் காட்டச் சொன்னது? முப்பத்திரண்டையும் அளந்தார். கறுப்பு பாஸ். வெள்ளையில் ஒரு சிப்பாய் முடியளவு குட்டை.

"வெள்ளை லாட்டு ரிஜெக்ட்."

"அண்ணே, இது வண்டிக்குப் போறதில்ல, சும்மா ஆடறதுக்கு!"

"ஆடுங்க. யாரு வேணாம்னா? ரிஜெக்ட் பண்ணத நான் கையால தொட மாட்டேன்."

அன்றிலிருந்து அவருக்கு எப்போதும் கறுப்புதான். செஸ்ஸில் வெள்ளைதான் முதலில் நகரும். கறுப்புக்காரன் பதில் சொல்ல வேண்டியவன். அதுவும் அவர் குணத்துக்குப் பொருந்தியது. "அவன் செஞ்சு அனுப்பட்டும். நான் செக் பண்றேன்" என்பார்.

அவர் பதிலும் என்றைக்கும் ஒன்றுதான். ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துவார். கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற மாதிரி. அடுத்து ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாய் இரண்டு கட்டம். அப்புறம் சுவர் எழுப்பிக்கொண்டு உள்ளேயே இருப்பார். அந்தச் சுவருக்குப் பின்னால் அவருடைய மந்திரி ஒன்று, சாய்வாக ஓடவேண்டிய காய், தன் சிப்பாய்களுக்கு நடுவிலேயே அடைபட்டுக் கிடக்கும். "அந்த மந்திரி தண்டம்ணே" என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும்.

"தண்டம் இல்லடா. ரீவொர்க். நேரம் குடுத்தா தேறும்."

எங்கள் புரொடக்ஷன் மேனேஜர் செஸ் பைத்தியம். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். கோபத்தில் பாதி கன்னடம் பேசுவார். நாங்கள் மல்லேஸ்வரம் சார் என்போம். அவர்தான் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "அட, இதுக்குப் பேர் ஃபிரெஞ்ச் டிஃபென்ஸ்ப்பா! நூறு வருஷத்துக்கு மேல பழசு. எங்க கத்துக்கிட்டே?" என்றார்.

"ஃபிரெஞ்சா?" ரிஜெக்ட் அண்ணன் பதறிவிட்டார். "நான் பாண்டிச்சேரிகூட போனதில்ல சார்."

அவர் அதிகம் ஜெயித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் டிரா. சில நாள் தோல்வி. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் அவரைத் தோற்கடித்தவன் பொம்மசந்திராவில் கிடையாது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததும் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கம்பெனி முழுக்கக் கழுவல். மெஷின்களுக்கு எண்ணெய் துடைத்து, தரையில் சோப்புத் தண்ணீர் விட்டு, தொட்டி, தட்டு, கேன்டீன் மேஜை எல்லாவற்றையும் தேய்த்து வெளியே வெயிலில் காயப் போடுவது வழக்கம். மத்தியானம் விளையாட்டுப் போட்டி முடிவு. செஸ் ஃபைனல், ரிஜெக்ட் அண்ணனுக்கும் மல்லேஸ்வரம் சாருக்கும்.

மேஜைகள் எல்லாம் வெயிலில் இருந்ததால் போர்டு வைக்க இடம் இல்லை. "பேக்கிங்கு, ஒரு பெட்டி கொண்டா. காலிப் பெட்டி அமுங்கிடும், ஃபுல் பெட்டியா கொண்டா" என்றார்கள். பேக் செய்து வைத்திருந்த நாற்பது பெட்டியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஸ்டூல் மேல் வைத்தேன். அதன்மேல் போர்டு. மீதி முப்பத்தொன்பதையும் லாரியில் ஏற்றினேன். ஆட்டம் முடிந்ததும் அந்த ஒன்றை ஏற்றி, சார் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டால் வண்டி கிளம்ப வேண்டும்.

ஏற்றி முடித்துவிட்டுத் தரையைப் பெருக்கினேன். ரேக்குக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்புச் சீட்டு விளக்குமாற்றோடு வந்தது.

குனிந்து எடுத்துப் படித்தேன். நடந்தது இதுதான். காலையில் சிவப்புத் தொட்டியைக் கழுவ எடுத்தவர்கள், அதிலிருந்த புஷ்களை (புஷ் என்றால் இரும்பு வளையம், பெரிய மோதிரம் மாதிரி இருக்கும்) ஒரு பச்சைத் தட்டில் கொட்டி, சீட்டை மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஃபேன் காற்றில் சீட்டு பறந்துவிட்டது. நான் நிறம் பார்த்து வேலை செய்கிறவன். பச்சை என்றால் பெட்டி. எடுத்துப் பேக் செய்துவிட்டேன். நல்ல சரக்கு கொஞ்சம் ரேக்கில் மிச்சம் கிடந்ததைப் பார்த்தும், எண்ணுவதில் தப்பு செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டில் எண்ணிக்கை இருநூறு. பெட்டிக்கு ஐம்பது. அப்படியானால் நாற்பதில் நான்கு பெட்டி ரிஜெக்ட் சரக்கு. எந்த நான்கு? தெரியாது. நாற்பதின் மேலும் ரிஜெக்ட் அண்ணனின் ஏழாம் நம்பர் சீல் குத்திய சீட்டை நானே ஒட்டியிருக்கிறேன். இருபது வருடத்தில் அந்த ஏழாம் நம்பர் மேல் ஒரு புகார் வந்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், என்னோடு பேக்கிங்கில் இருந்தவரை ஒரே ஒரு பெட்டி மாறிப் போனதற்காக அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். டிபன் பாக்ஸை எடுக்கக்கூட உள்ளே விடவில்லை, நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு நான்கு பெட்டி. விவேக் நகரில் வாடகை வீடு, மகள் பத்தாவது.

மேனேஜரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. பொதுவாகவே யாரிடமும் வாய் வராது. கேன்டீனுக்கு ஓடினேன். ஆட்டம் ஆரம்பித்திருந்தது. சுற்றிலும் ஐம்பது பேர். ரிஜெக்ட் அண்ணன் வழக்கம்போல் நின்றுகொண்டு, சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திவிட்டு, போர்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி பக்கத்தில் போய்க் காதில் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சிவப்புச் சீட்டை உள்ளங்கையில் காட்டினேன்.

அவரே பிடித்துக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அக்கா மகனையே விடாதவர்.

"வண்டி கேட் தாண்டிச்சா?"

"இல்லணா. சார் இன்னும் பாஸ்ல கையெழுத்து போடல."

அவர் மல்லேஸ்வரம் சாரைப் பார்த்தார். சார் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிஜெக்ட் அண்ணன் சட்டைப் பையில் கை விட்டுக் கேஜை எடுத்து, ஜக்குக்கு அடியில் என் கையில் வைத்தார்.

"பெட்டிக்கு ஒண்ணு பாரு. உள்ள போவலன்னா அந்தப் பெட்டி. ரேக்குல இருக்கறத மாத்திப் போடு. ஓடு."

பிறகு அவர் செய்ததைப் பார்த்துக் கேன்டீனே வாயைப் பிளந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னப்பா, உக்காந்துட்டே! உடம்பு சரியில்லியா?" என்றார் சார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஃபைனல் ஆச்சே, நிதானமா ஆடலாம்னு."

"என்ன நிதானம்? லாரி நிக்குது மாராயா. அரை மணில முடிச்சிட்டு நான் பாஸ்ல சைன் பண்ணணும்."

"முடிச்சிடலாம் சார்" என்று சொல்லிவிட்டு, போர்டைப் பார்த்து அசையாமல் இருந்துவிட்டார்.

நான் லாரிக்குள் ஏறினேன். டேப்பைக் கிழி, ஒரு புஷ்ஷை எடு, கேஜைப் போடு, போகிறது, டேப் ஒட்டு, அடுத்தது. அவசரத்தில் டேப் என் விரலோடு ஒட்டிக்கொண்டது. ஆறாவது பெட்டியில் கேஜ் உள்ளே போகவில்லை. அந்த ஐம்பதையும் எடுத்துச் சாக்கில் கொட்டி, ரேக்கிலிருந்து நல்லதை நிரப்பி, ஒட்டி, கேன்டீன் ஜன்னலுக்கு ஓடி ஒரு விரலைக் காட்டினேன். அவர் பேனாவால் காதைச் சொறிந்தார். பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

போர்டைப் பார்த்தேன். சார் தன் சிப்பாயை நடுவில் இவர் கழுத்து வரை தள்ளியிருந்தார். இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. சாயங்காலம் ஆறரை மணிக்கு சில்க் போர்டு ஜங்ஷன் மாதிரி. எதுவும் நகராது. அதைத்தான் அவர் விரும்பினார்.

இரண்டாவது பெட்டி பதினேழாவதாகக் கிடைத்தது. மூன்றாவது இருபத்திரண்டு. அதற்குள் லாரி டிரைவர் தூங்கி எழுந்துவிட்டார். ஓசூர்க்காரர்.

"ஏம்பா, ஏத்துன லோடத் திரும்பப் பிரிக்கறியே, என்னா வேலை இது?"

"எண்ணிக்கை" என்றேன். அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெரியாது.

"இப்ப உட்டாத்தான் இருட்டறதுக்குள்ள அத்திப்பள்ளி தாண்ட முடியும். உங்க சார் வந்து டிராபிக்ல நிப்பாரா?" என்று சொல்லிவிட்டு ஹாரனை அழுத்தினார்.

ஜன்னலுக்கு ஓடினேன். மூன்று விரல். உள்ளே சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரிஜெக்ட் அண்ணன் வெட்டிய வெள்ளைச் சிப்பாயை ஒரு காகிதத்தால் பிடித்து எடுத்து (ரிஜெக்ட் ஆயிற்றே, கை படக்கூடாது) ஓரமாக வைத்தார். வெர்னியரை எடுத்துத் தன் குதிரையின் உயரத்தை அளந்தார். பிறகு ஒரு பன்னிரண்டு நிமிடம் கன்னத்தில் கை வைத்து யோசித்தார். ஐம்பது பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். கடைசியில் தலையைத் தூக்கிக் கேட்டார்:

"சார், இப்ப யாரு ஆடணும்?"

"நீதான்யா!" என்று கேன்டீன் மொத்தமும் கத்தியது.

"நானா? அப்ப ஒரு டீ சொல்லுங்க."

மறுபடி ஹாரன். சார் போர்டின் மேலே குனிந்தார். "லே, டிரா பண்ணிக்கலாம். ரெண்டு பேருக்கும் பிரைஸ். ஆய்த்தா?"

டிரா என்றால் எப்போதும் சரி என்கிறவர் ரிஜெக்ட் அண்ணன். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் சார்."

"ஏன்ப்பா?"

"இன்னும் செக் பண்ணி முடிக்கல."

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் ராஜாவுக்குக் காவலாக நின்ற சிப்பாயையே சண்டைக்கு அனுப்பினார். கூட்டத்தில் யாரோ, "சார் மாட்டிக்கினாரு, அண்ணன் கதை முடிஞ்சுது" என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். ஒருவருக்கும் எதுவும் புரியவில்லை. எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. மேலே கல் மாதிரி உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் கால், கீழே தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்கும் ரேக்குக்கும் நான் ஓடிய ஓட்டத்தை அவர் உட்கார்ந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

மீதியையும் பார்த்து முடித்தேன். நான்காவது கிடைக்கவில்லை. எண்ணினேன். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது. நாற்பதாவது எங்கே என்று லாரிக்குள் முட்டி போட்டுத் தேடினேன், பைத்தியக்காரன் மாதிரி. அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஜன்னலுக்குப் போனேன். அவர் பார்க்கும்வரை நின்றேன். இரண்டு கையாலும் ஒரு பெட்டி மாதிரி காட்டி, விரலைக் கீழே நீட்டினேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகக் குனிந்தார். போர்டுக்கு அடியில், அவர் முழங்காலுக்கு எதிரில், அவருடைய ஏழாம் நம்பர் சீலே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தார். டீ கிளாஸை எடுத்து, குடிக்காமல், பெட்டியின் ஓரத்தில் வைத்தார். அதன்பிறகு நடந்ததெல்லாம் வேகம். நடுவில் இருந்த சுவரை அவரே இடித்தார். அவருடைய யானை ஒன்று, சாரின் ராஜாவுக்கு முன்னால் காவல் இல்லாமல் கிடந்த வரிசையில் நேராக வந்து நின்றது. சார் ராஜாவை மூலைக்கு ஓட்டினார். அப்போது அந்த மந்திரி, இத்தனை வருடம் உள்ளேயே அடைபட்டுக் கிடந்த அந்தத் தண்ட மந்திரி, பின்பக்கமாகச் சுற்றி வெளியே வந்தது. சுவர் இருந்த இடத்தில் இப்போது மூலை வரைக்கும் ஒரு சாய்வான வழி திறந்து கிடந்தது.

ஹாரன் அடித்தது. ரிஜெக்ட் அண்ணன் எழுந்து நின்றார். மந்திரியை நகர்த்தி வைத்தார்.

"செக் சார்."

சார் ராஜாவை நகர்த்தப் போனார். பக்கத்துக் கட்டம் யானை பார்வையில். முன்னால் சொந்தச் சிப்பாய். தடுக்க ஒரு காயும் இல்லை. லேத்துக்காரன்தான் முதலில் கத்தினான். கேன்டீன் வெடித்தது. அந்த ஆரவாரத்தில், வாழ்க்கையில் ஒரு சொட்டு டீ சிந்தாத ரிஜெக்ட் அண்ணனின் முழங்கை கிளாஸில் பட்டது. முழு டீயும் பெட்டியின்மேல் கொட்டியது.

சார் கை நீட்டினார். இவர் கை கொடுக்கவில்லை. குனிந்து பெட்டியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி ஈரம். ரிஜெக்ட்."

அந்தச் சிரிப்பு அடங்கவே இல்லை. "ஜெயிச்சும் ரிஜெக்ட் பண்றாண்டா!" சாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆய்த்து மாராயா, மாத்தித் தொலை" என்றார். ரிஜெக்ட் அண்ணன் சிவப்புச் சீட்டை எடுத்து எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"பேக்கிங்கு, வேற பெட்டி."

நனைந்த பெட்டியைப் பிரித்துக் கேஜ் போட்டுப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. ரேக்கில் இருந்த கடைசி ஐம்பதைப் புதுப் பெட்டியில் போட்டு ஏற்றினேன். சார் கையெழுத்துப் போட்டார். டிரைவர் என்னை முறைத்துக்கொண்டே கிளம்பினார். வண்டி கேட் தாண்டியது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். கை நீட்டினார்.

"கேஜ்."

கொடுத்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழாத. கேஜ்ல தண்ணி பட்டா துரு ஏறும்."

"சார்கிட்ட சொல்லுவீங்களாணா?"

"என்னான்னு சொல்றது? கேட் தாண்டிப் போனாத்தான் கம்ப்ளெய்ன்ட். உள்ளயே புடிச்சா அது இன்ஸ்பெக்ஷன்."

"அந்த ஆட்டத்துல ஜெயிச்சீங்களேணா."

"அது என்னமோ ஆயிடுச்சு" என்றார் எரிச்சலாக. "நேரத்த இழுக்கலாம்னுதான் ஆடுனேன். அவரு அவசரப்பட்டாரு."

பஸ் வந்தது. நிறைய சீட் இருந்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தோம்.

நான்கு வருடம் கழித்து அவர் ரிடையர் ஆனார். கம்பெனி ஒரு கைக்கடிகாரம் கொடுத்தது. மேடையிலேயே காதில் வைத்துப் பார்த்து, முள் இரண்டு செகண்ட் பின்னால் ஓடுகிறது என்றார். கேட் வரைக்கும் அவர் பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மஞ்சள். சிவப்பு இல்லை. அவர் கையெழுத்தில், தமிழில், நான் படிக்கிற மாதிரி பெரிது பெரிதாக எழுதியிருந்தார். பொருள்: பேக்கிங்கு. எண்ணிக்கை: 1. காரணம்: பயம். கீழே கையெழுத்து, ஏழாம் நம்பர் சீல். தேதி மட்டும் காலி. ஓரத்தில் சின்னதாக: 'சரியானதும் நீயே போட்டுக்கோ.'

இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் போன் வரும்.

"என்ன பேக்கிங்கு, தேதி போட்டியா?"

"இன்னும் இல்லணா."

"அவசரமில்ல. ஆனா ரொம்ப நாளு ரேக்குல வெச்சா துரு ஏறும், பாத்துக்க."

அந்த நான்கு பெட்டியைப் பற்றி இதுவரை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. மல்லேஸ்வரம் சார் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நான் இன்னும் அதே பேக்கிங்கில்தான். இது அச்சாகி வந்தால் அங்கே யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்கட்டும். ரிஜெக்ட் அண்ணன் கட்டாயம் படிப்பார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றுகொண்டே, வரிக்கு ஒரு குறையைச் சுழித்து எனக்கு அனுப்புவார். அவர் பார்த்துச் சுழித்தால்தான் எனக்கு எதுவும் முடிந்த மாதிரி இருக்கும். மஞ்சள் சீட்டு எதிரில் இருக்கிறது. காலிக் கட்டத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டேன், அண்ணே. கொஞ்சம் கோணல்தான்.

17-8-2025, ஞாயிற்றுக்கிழமை.